என் உத்தரவைக் கேட்காதவள்

மழை பெய்கிறது என்று சொன்னால்கூட நம்பமாட்டாள். வாசல்வரை போய்க் கையை நீட்டிப் பார்த்துவிட்டு வந்து, "ஆமாக்கா, பெய்யுது" என்பாள். சொன்ன நாம் தொப்பலாக நனைந்து அவள் எதிரிலேயே நின்றுகொண்டிருப்போம்.

இப்படி ஒருத்தியோடு பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். மட்டாஞ்சேரியில் சுகாதாரப் பிரிவின் ஒரு சின்ன ஆபீஸ். நான் அங்கே கிளார்க். காலை ஆறு மணிக்குத் துப்புரவுத் தொழிலாளிகளுக்கு ஹாஜர் எடுப்பது, யாருக்கு எந்தத் தெரு என்று பிரித்துக் கொடுப்பது, மேலே இருந்து வரும் உத்தரவைக் கீழே சொல்வது, கீழே இருந்து வரும் புலம்பலை மேலே சொல்லாமல் விடுவது, இதுதான் என் உத்தியோகம். அவள் சாக்கடை வாரும் கூட்டத்தில் ஒருத்தி, தற்காலிக ஊழியர். என்னைவிட மூன்று வயது சின்னவள். எங்கள் இரண்டு பேர் குடும்பமும் எந்தக் காலத்திலோ திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து முனிசிபல் வேலைக்காகக் கொச்சிக்கு வந்தவை. நான் மலையாளத்தில் பத்தாவது பாஸாகி நாற்காலிக்கு வந்தேன், அவள் மண்வெட்டிக்கு வந்தாள். ஆபீஸில் மலையாளம், தனியாக இருந்தால் தமிழ். அந்தத் தமிழைக் கேட்டு ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள்.

அவளிடம் எதைச் சொன்னாலும் ஒரே பதில்தான். "பாத்துட்டுச் சொல்லுதேன்." இன்ன தெருவில் அடைத்திருக்கிறது, போய் வாரு என்றால் மற்றவர்கள் மண்வெட்டியோடு கிளம்புவார்கள். இவள் வெறுங்கையோடு போவாள். சாக்கடையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை குனிந்து குனிந்து நடந்து, அடைப்பு சொன்ன இடத்தில் இல்லை, நாலு வீடு தள்ளி இருக்கிறது என்று கண்டுபிடித்து, பிறகு திரும்பி வந்து மண்வெட்டி எடுப்பாள். அதற்குள் மற்றவர்கள் சாயா குடித்து முடித்திருப்பார்கள். ஒருமுறை இவள் பார்த்துக்கொண்டே இருந்ததில் ஒரு தெரு முழுக்க இரண்டு நாள் நாறியது. கவுன்சிலர் போன் செய்து என்னைத் திட்டினார். நான் அவளைத் திட்டினேன்.

"எங்க அடைச்சிருக்குன்னு தெரியாம வாருனா அடுத்த வாரமும் நாறும்க்கா" என்றாள்.

அடுத்த வாரம் நாறவில்லை. அதை நான் அவளிடம் ஒப்புக்கொள்ளவில்லை.

நானே ஒருமுறை மாட்டிக்கொண்டேன். அவள் தம்பி மகளுக்குக் காதுகுத்து. ஞாயிற்றுக்கிழமை. அரை நாள் போய்விடுமே என்று, எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். மத்தியானம் ஒரு தூக்குவாளியில் கஞ்சியும், இலையில் சுருட்டிய பயறும் எடுத்துக்கொண்டு இவள் வந்து நின்றாள். நான் மிக்ஸர் தின்றுகொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். "காய்ச்சல் இல்லையேக்கா" என்றாள். அதில் குத்தலே இல்லை, நிஜமாகவே நிம்மதிப்பட்டாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து என் மிக்ஸரைத் தின்றுகொண்டே மீதிப் படத்தைப் பார்த்துவிட்டுப் போனாள். நான் இரண்டு வாரம் அவளோடு பேசவில்லை. பேசவில்லை என்பதை அவள் கவனித்தாளா என்பது சந்தேகம்தான்.

அவள் கல்யாணக் கதையை எங்கள் ஆபீஸில் புதிதாக வருகிற எல்லோருக்கும் சொல்வோம். ஆலுவாவில் லேத் பட்டறையில் வேலை பார்க்கும் ஒருவரைப் பேசியிருந்தார்கள். நல்ல பையன், குடிக்கமாட்டான், கோபமே வராது என்று தரகர் அடுக்கினார். இவள் எந்தப் பட்டறை என்று மட்டும் விசாரித்துக்கொண்டாள். மறுநாள் உடைந்துபோன ஒரு மண்வெட்டியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு, மட்டாஞ்சேரியிலிருந்து ஆலுவாவரை பஸ்ஸில் போனாள். வழியில் எத்தனை பட்டறை இருக்கிறது. அதையெல்லாம் தாண்டி ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து, நேராக அந்தப் பட்டறைக்குள் நுழைந்து, இதைப் பற்றவைத்துத் தரணும் என்று அவரிடமே நீட்டியிருக்கிறாள். யார் என்று சொல்லவில்லை. அவர் மண்வெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது உடைஞ்சதுக்குக் காரணம் இரும்பு இல்ல, காம்பு. உங்க உயரத்துக்கு இது குட்டை. குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போயிருக்குமே" என்று சொல்லி, நீளமான காம்பு ஒன்றைத் தேடிப் பொருத்திக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து, "கட்டிக்கிடுதேன்" என்று ஒரே வார்த்தை சொன்னாள். அவரும் பின்னால் பட்டறையை விட்டுவிட்டு இவளுக்காக மட்டாஞ்சேரிக்கே குடிவந்தார். அந்த மண்வெட்டியைத்தான் கடைசிவரை வைத்திருந்தாள், வேறு யாரையும் தொடவிடமாட்டாள்.

கடலையும் அவள் இப்படித்தான் நடத்தினாள். காற்றும் மழையும் இல்லாமலே திடீரென்று அலை எழும்பிக் கரைக்குள் வரும் நாட்கள் உண்டு. கள்ளக்கடல் என்பார்கள். அப்படி ஒரு எச்சரிக்கை வந்த நாளில், ஃபோர்ட் கொச்சி கடற்கரை நடைபாதையில் ஆட்கள் இறங்காதபடி சிவப்பு நாடா கட்ட எங்கள் ஆட்களைக் கூப்பிட்டார்கள். நேற்றுக் கட்டிய இடத்திலேயே கட்டுங்கள் என்று உத்தரவு. இவள் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் அலையைப் பார்த்தபடி நின்றாள். பிறகு முப்பது அடி பின்னால் வந்து கட்டினாள். அங்கே நின்ற ஐஸ்கிரீம் வண்டிக்காரரையும் தள்ளிப் போகச் சொன்னாள். வியாபாரம் கெடுகிறதே என்று அவர் கத்தினார், போலீஸ்காரர் முறைத்தார். சாயங்காலம் ஒரு அலை வந்து, முதலில் கட்டச் சொன்ன இடத்தில் இருந்த சிமெண்ட் பெஞ்சைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போனது. ஐஸ்கிரீம்காரர் அவளுக்கு ஒரு கோன் ஐஸ் நீட்டினார். அவள் அதில் எறும்பு இருக்கிறதா என்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தாள்.

இதெல்லாம் எனக்கு அப்போது வேடிக்கை. இவளுக்கு உத்தரவு போட்டு வேலை வாங்குவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விடும். அந்த எரிச்சலும் உண்டு.

இனி அந்தப் புயல் நாளைச் சொல்லவேண்டும். அதற்கு முன்னால் எங்கள் கால்வாயைப் பற்றிச் சொன்னால்தான் விளங்கும். எங்கள் பகுதியின் மழைத்தண்ணீர் முழுக்க ஒரு கால்வாயில் சேர்ந்து, கடலோடு இணைந்த உப்பங்கழியான காயலுக்குப் போகிறது. காயல் ஓரத்தில் பழைய மசாலாக் கிடங்குகள் வரிசையாக நிற்கின்றன. கால்வாய் அந்தக் கிடங்குகளுக்கு அடியில், கல் பாவி மூடிய வழியாகப் போய், பின்பக்கப் படகுத்துறையில் வெளியே வரும். மூடிய பகுதி தொடங்குகிற இடத்தில் ஒரு இரும்பு ஷட்டர். கடல் ஏறினால் காயலும் ஏறும். வேலியேற்றம் என்போம். அப்போது ஷட்டர் இறங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் காயல் தண்ணீர் கால்வாய் வழியாகத் தெருவுக்குள் வந்துவிடும். கடல் இறங்கியதும் ஷட்டரைத் தூக்கிவிட்டால், உள்ளே தேங்கிய மழைத்தண்ணீர் வெளியே ஓடிவிடும்.

எந்த நாளில் எந்த மணிக்கு ஏற்றம், எப்போது இறக்கம் என்று மாதாமாதம் ஒரு தாள் வரும். என் மேசைக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருப்பேன். அதைப் பார்த்துத் திறக்கச் சொல்வது என் பொறுப்பு, திறப்பது அவள் பொறுப்பு. நான் சொன்னதும் அவள் திறந்ததாகச் சரித்திரமே இல்லை. கிடங்கின் பக்கவாட்டுச் சந்து வழியாகப் படகுத்துறைக்குப் போய், படிகளை எண்ணிவிட்டு வருவாள். ஏற்றத்தில் இரண்டு படி தெரியும், இறக்கத்தில் ஆறு படி தெரியும். தாளும் படியும் எப்போதும் ஒன்றையேதான் சொல்லின. பிறகு எதற்கு இந்த நடை என்று நான் நூறு முறையாவது கேலி செய்திருப்பேன்.

அந்த மே மாதம் அரபிக்கடலில் உருவான புயல் எங்கள் கரையை ஒட்டி வடக்கே நகர்ந்தது. இரண்டு நாளாக விடாத மழை. தெற்கே கடலோரத்து வீடுகளுக்குள் அலை புகுந்து, ஆட்களைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்த் தங்கவைத்திருந்தார்கள். எங்கள் பக்கம் காற்றில் கூரை ஓடுகளும் தகரமும் பறந்தன. கால்வாயை ஒட்டிய சந்துகளில் தண்ணீர் முழங்காலைத் தாண்டிவிட்டது.

என் வீடு அந்தச் சந்துகளில் ஒன்றில்தான். தாழ்வான ஓட்டு வீடு, மாடி கிடையாது. உள் அறையில் என் அப்பா படுத்திருந்தார். வெலிங்டன் தீவில் கிடங்குகளில் மூட்டை சுமந்தவர், அப்போது பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தானாகப் புரண்டு படுக்கக்கூட முடியாது. என் வீட்டுக்காரர் கப்பல் வேலையில் தூரதேசத்தில் இருந்தார். அப்பாவுக்குத் துணையாக என் மகள் மட்டும். காலையில் நான் கிளம்பும்போது கட்டில் கால்களுக்கு அடியில் மூன்று மூன்று செங்கல் அடுக்கிவிட்டு வந்தேன். அந்த நாளில் ஆபீஸை மூட முடியாது.

எட்டரை மணிக்கு மகள் போன் செய்தாள். "அம்மா, ரெண்டாவது செங்கல் முங்கிடுச்சு."

எங்கள் ஹெல்த் இன்ஸ்பெக்டர் பள்ளுருத்தியில் மரம் விழுந்த சாலையில் மாட்டியிருந்தார். ஷட்டர் விஷயத்தைத் தாளைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள் என்று போனில் சொல்லிவிட்டார். தாளில் எட்டு ஐம்பதுக்கு இறக்கம் என்று தெளிவாகப் போட்டிருந்தது. ஒன்பது இருபதுக்கு உத்தரவுப் புத்தகத்தில் "ஷட்டரை உடனே திறக்கவும்" என்று எழுதிக் கையெழுத்திட்டு, அவளுக்குப் போன் செய்தேன். விடிந்ததிலிருந்து அவள் ஷட்டர் பக்கத்தில்தான் நின்றாள்.

"பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

கால் மணி நேரம் ஆயிற்று. போன் எடுக்கவில்லை. மகளிடமிருந்து அடுத்த அழைப்பு, மூன்றாவது செங்கலும் முங்கித் தண்ணீர் கட்டில் காலில் ஏறிவிட்டது. நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். காற்று ஆளைப் பிடித்துத் தள்ளியது. சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து ஷட்டருக்கு வந்தபோது, அங்கே இருபது பேர் இடுப்பளவு தண்ணீரில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டும் சேட்டன் கையில் கம்பிப்பாரை. ஷட்டரைச் சுற்றித் தூக்குகிற இரும்புக் கைப்பிடியைக் காணவில்லை. அவள் அதைக் கழற்றிக் கையோடு எடுத்துக்கொண்டு படகுத்துறைக்குப் போய்விட்டாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. இந்த நேரத்திலுமா படி எண்ணுவாள்?

சந்திலிருந்து அவள் வந்தாள். இடது முழங்கைக்குக் கீழே ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. பறந்து வந்த தகரம் வெட்டியிருக்கிறது. கைப்பிடியை வலது கக்கத்தில் இடுக்கியிருந்தாள்.

"படி தெரியலைக்கா."

"எத்தனை தெரியல?"

"ஒண்ணுமே தெரியல. துறைக்கு மேலயே தண்ணி நிக்குது. அலை கிடங்குச் சுவத்துல அடிக்குது."

"தாள்ல இறங்கி ஒரு மணி நேரம் ஆகப்போகுது."

"தாள்ல இறங்கியிருக்கும். அங்க இறங்கல. காத்து கடலைத் தள்ளிப் பிடிச்சுட்டு நிக்குது. இப்பத் திறந்தா காயல் பூரா உள்ள வந்துரும்."

ஆட்டோ சேட்டன் அவள் முன்னால் வந்தார். "சேச்சி, துறக்கு. வீட்டினகத்து முழுவன் வெள்ளமாணு." எல்லார் வீட்டுக்குள்ளும் தண்ணீர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான்தானே ஆபீஸ்.

"திற" என்றேன். "எழுதிக் கையெழுத்துப் போட்டாச்சு."

"மாட்டேன்க்கா."

"கேக்கலைன்னா உன் வேலை போயிடும். நிரந்தரப் பட்டியல்ல உன் பேர் இருக்கறது தெரியும்ல?"

"அதை அப்புறம் பாப்போம்."

அந்த இடத்தில் நான் சொன்னதை இன்றைக்கு நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்வேன். "எங்கப்பா கட்டில்ல கிடக்கார். மெத்தை நனையப் போகுது. அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா, நீதான் கொன்னேன்னு ஊரெல்லாம் சொல்லுவேன்" என்றேன்.

அவள் முகம் சுருங்கியது. அப்பாவை அவளுக்கு நன்றாகத் தெரியும். வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் போவாள்.

"திறந்தா கட்டிலுக்கு மேல வந்துரும்க்கா" என்றாள். பிறகு ஆட்டோ சேட்டனிடம் திரும்பினாள். மலையாளத்தில் சொன்னாள். நீங்கள் என்னோடு வந்து பாருங்கள், பார்த்த பிறகும் திறக்கணும் என்று சொன்னால் கைப்பிடியை உங்கள் கையிலேயே தருகிறேன்.

அவர் பாரையைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு அவள் பின்னால் போனார். காத்திருந்த நேரம் ஐந்து நிமிஷம்தான் இருக்கும். எனக்கு அது முடிகிற மாதிரி இல்லை. அவர் திரும்பி வந்தபோது தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தார், முகத்தில் பழைய வேகம் இல்லை.

"துறக்கண்டா" என்றார் கூட்டத்தைப் பார்த்து. திறக்கவேண்டாம். "அவிடெ படியே இல்ல."

கூட்டம் அடங்கியது. அவள் அடுத்துச் சொன்னது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. "இங்க நின்னு என்ன செய்யப் போறீங்க, இவங்க வீட்டுக்குப் போய் அப்பாவத் தூக்கி மேல வைங்க" என்று நாலு பேரைப் பிரித்து அனுப்பினாள். ஷட்டரை உடைக்க வந்த அதே நாலு பேர், ஆட்டோ சேட்டன் முதலாக, என் வீட்டுக்கு ஓடி, அப்பாவை மெத்தையோடு தூக்கிச் சாப்பாட்டு மேசைமேல் கிடத்தினார்கள். இதை நானே எட்டரை மணிக்குக் கேட்டிருக்கலாம். ஷட்டர், ஷட்டர் என்று ஒரே பிடியாக நின்றதில் என் மூளை அதற்கு மேல் ஓடவில்லை. அப்பா பத்திரம் என்று மகள் போனில் சொன்னாள், நான் அதை இவளிடம் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் படகுத்துறைக்குப் போய்விட்டாள்.

அங்கே கிடங்குச் சுவரோரம் தூணைப் பிடித்துக்கொண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் நின்றாள். மழைத்தண்ணீர் உள்ளே மெதுவாக ஏறிக்கொண்டுதான் இருந்தது. சிலர் முணுமுணுத்தார்கள். ஒரு மணிக்குமேல் காற்று திசை மாறியது. முதல் படி தெரிந்ததும் அவள் வரவில்லை, இரண்டாவது தெரிந்ததும் வரவில்லை. மூன்றாவது படியும் தெரிந்து, அலை பின்வாங்குவதைப் பார்த்த பிறகுதான் வந்து கைப்பிடியை மாட்டினாள். ஒரு கையால் சுற்றமுடியாமல் ஆட்டோ சேட்டனும் சேர்ந்து சுற்றினார். தண்ணீர் வெளியே பாய்கிற சத்தம் தெருமுனைவரை கேட்டது. நாலு மணிக்கு எங்கள் சந்தில் தரை தெரிந்தது.

எங்களுக்குத் தெற்கே அடுத்த கால்வாயில், தாளின்படி இறக்கம் வந்துவிட்டது என்று அங்கிருந்தவர்கள் ஒன்பதரைக்கே ஷட்டரை உடைத்துத் திறந்திருந்தார்கள். கால் மணி நேரத்தில் ஜன்னல் உயரத்துக்குக் காயல் உள்ளே வந்துவிட்டது. ஆட்களை ஓட்டின்மேல் ஏற்றிக் காப்பாற்றினார்கள். அந்த ஜன்னல் உயரம் என் வீட்டில் வந்திருந்தால் மேசைக்கும் மேலே இரண்டடி. நான் கையெழுத்திட்டு உத்தரவு போட்டது அதற்குத்தான்.

நாலரை மணிக்கு அவள் என் வீட்டு வாசலில் நின்றாள். உடம்பெல்லாம் சேறு, காயத்தில் துண்டைக் கிழித்துக் கட்டியிருந்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னைத் தாண்டி உள்ளே போனாள். மேசைமேல் கிடந்த அப்பாவின் மெத்தையை நாலு மூலையிலும் உள்ளங்கையால் அழுத்தினாள். அவர் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அப்படியே சுவரில் சாய்ந்து சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

"படியைத்தான்க்கா பாத்தேன்" என்றாள். "அப்பாவப் பாக்கலைல்லா. நீங்க பத்திரம்னு சொன்னீங்க, சரி. ஆனா அங்க நின்ன நேரம் பூரா நான் கொன்னுட்டனோ, கொன்னுட்டனோன்னுதான் இருந்துச்சு."

அப்பா கோணிய வாயால், "அவளுக்குச் சாயா கொடு" என்றார். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன். எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பெருமையாக இருந்தது. இவள் என் கூட வேலை பார்க்கிறவள் என்று தெருவில் இறங்கிக் கத்தலாம் போலிருந்தது.

பத்து நாள் கழித்து விசாரணை வந்தது. தற்காலிக ஊழியர் ஒருத்தி எழுதிக் கொடுத்த உத்தரவை மீறினாள், அரசாங்கப் பொருளான கைப்பிடியைக் கழற்றி எடுத்துப்போனாள் என்று யாரோ புகார் எழுதிவிட்டார்கள். உத்தரவுப் புத்தகத்தில் என் கையெழுத்து, மணியோடு இருந்தது. அவளுடைய நிரந்தர வேலை அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

விசாரிக்க வந்த அதிகாரி நல்ல மனிதர். எங்கள் இருவரையும் உட்காரவைத்து ஒரு சுலபமான வழி சொன்னார். ஷட்டர் துருப்பிடித்து இறுகிவிட்டதால் குறித்த நேரத்தில் திறக்க இயலவில்லை என்று எழுதிவிடலாம். உத்தரவு போட்டவருக்கும் பழி இல்லை, மீறியவளுக்கும் பழி இல்லை. நான் மனசுக்குள் அவரைக் கும்பிட்டேன் என்பதை மறைக்கமாட்டேன்.

"இறுகலையே சார்" என்றாள் அவள். அவருக்கு உதவி செய்கிற மாதிரிதான் சொன்னாள். "போன மாசந்தானே கிரீஸ் போட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் பேனாவை எடுத்தேன். காயல் இறங்கியதா என்று நேரில் பார்க்காமல் திறக்க உத்தரவிட்டேன், அந்த உத்தரவு தவறு, இவள் நேரில் பார்த்துவிட்டு அதைச் செய்ய மறுத்தாள், மறுத்தது சரி, என்று எழுதினேன். "இது உங்க சர்வீஸ் புத்தகத்துல ஏறும், பிரமோஷன் தள்ளிப்போகும்" என்றார். ஏறட்டும் சார் என்றேன். தள்ளித்தான் போனது.

அவள் நிரந்தரமானாள். சில வருஷங்களில் அவள் வீட்டுக்காரர் ஆலுவாவில் சொந்தமாகப் பட்டறை வைத்தார். ஆறு மாதம் அது ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, வேலையை விட்டு அவரோடு போனாள். என் அப்பா இன்னும் இரண்டு மழைக்காலம் இருந்தார், தன் கட்டிலில், தூக்கத்தில் போனார்.

அடுத்த மாதம் எனக்கு ஓய்வு. என் சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டிய புது செக்‌ஷன் ஆபீசர், "இந்தக் குறிப்பு எதுக்கு மேடம் கடைசிவரை? ஒரு விண்ணப்பம் கொடுங்க, எடுத்துடலாம்" என்றார். அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். புயல் பற்றிய ஆபீஸ் ரிப்போர்ட்டில் "பிற்பகல் ஷட்டர் திறக்கப்பட்டது" என்று மட்டும் இருக்கிறது. யார் மூடி வைத்தார், யார் அலையடிக்கிற துறையில் காத்து நின்றார் என்று அதில் ஒரு எழுத்து கிடையாது. என்னைக் கண்டித்த இந்தக் குறிப்பில்தான் அவள் பெயரும், அவள் மறுத்தது சரி என்பதும் இருக்கின்றன. வேறு எந்தக் காகிதத்திலும் இல்லை.

விண்ணப்பம் கொடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். முப்பத்தோரு வருஷ சர்வீஸில் நான் பெருமையாக எடுத்துக் காட்டக்கூடிய பக்கம் அது ஒன்றுதான்.